சாம்பிள் எப்படியோ அப்படி

ஆம்பூர்,
வெள்ளிக்கிழமை மாலை.

அன்பு மகன் ஷாஹிதுக்கு உன் அப்பா அமீர் பாஷா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் அம்மியும் அல்லாஹ்வின் கிருபையால் உடம்புக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உன் தங்கை ஹீனாவும் மாப்பிள்ளை ஹம்மாத்தும் இன்று விருந்துக்கு வந்தவர்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள். அடுத்து நீ எப்படி இருக்கிறாய் என்று எழுத வேண்டும். அந்த இடத்தில் பேனா நகர மாட்டேன் என்கிறது, அதனால் அதைக் கடைசியில் கேட்கிறேன். ஹீனாவின் நிக்காஹ்வுக்கு நீ ஏன் வரவில்லை, அதுதான் கேள்வி. லீவு கிடைக்கவில்லை என்ற பதிலை ஏற்கெனவே சொல்லிவிட்டாய், அதையே திரும்பவும் எழுதாதே. சாயங்காலத்திலிருந்து ஹீனா போன் மேல் போன் போடுகிறாள், அடித்து அடித்து நிற்கிறது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். உன்னோடு வேலை செய்கிற கவுஸ் பாஷா லீவு முடிந்து திங்கட்கிழமை மஸ்கட்டுக்குக் கிளம்புகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். உருதுவில் எழுதினால் நீ எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் அடுத்த ரம்ஜான் வந்துவிடும், தமிழ் மீடியத்தில் சேர்த்தவன் நான்தானே, அதனால் தமிழிலேயே திட்டுகிறேன்.

முதலில் மீன் கதை. சிரிக்காதே, கேள்வி அங்கேயிருந்துதான் முளைத்தது. நிக்காஹ் அன்று மண்டபத்தில் கை கொடுத்தவர்கள் எல்லாரும் பெண்ணின் அண்ணன் எங்கே என்றுதான் கேட்டார்கள். நான் லீவு, லீவு என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோனேன். உனக்கென்று தைத்த ஷெர்வானி பீரோவிலேயே தொங்கியது. அதற்குப் பிறகு வந்த முதல் ஜுமாகிக்கு, கல்யாணம் முடிந்து மாப்பிள்ளையை வாராவாரம் வெள்ளிக்கிழமை அழைத்து விருந்து வைக்கிறோமே அதற்கு, சம்பந்தி ஜியாவுல்லாவும் வந்திருந்தார். அவர் தோல் மண்டியில் செலக்‌ஷன் பார்க்கிறவர், ஒரு தோலைத் தடவினாலே எங்கே ஓட்டை எங்கே கீறல் என்று சொல்லிவிடுவார். மனுஷரிடமும் அந்தப் பழக்கம் விடவில்லை. சோற்றில் கை வைத்துக்கொண்டே, கடல் தாண்டிப் போனா கூடப்பொறந்தவளே மறந்துபோய்டுமா பாய், என்றார். ஹீனா முகம் செத்துப்போனது. அவள் ஏற்கெனவே உன்மேல் கோபத்தில் பேசாமல் இருந்தாள், அதோடு புகுந்த வீட்டில் இந்தப் பேச்சையும் கேட்க வேண்டியிருந்தது. எனக்கு எங்கேயிருந்து அந்த வீராப்பு வந்ததோ தெரியவில்லை. அவன் வர முடியலைன்னா இன்னா, அவன் அனுப்பின தூண்டில்ல நானே விரால் புடிச்சு கடைசி ஜுமாகிக்கு உங்க தட்டுல வைக்கிறேன், அப்ப சொல்லுங்க மறந்துட்டானா இல்லையான்னு, என்று சொல்லிவிட்டேன். சும்மா கிடந்த வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து இந்த வீட்டில் உன் மரியாதை ஒரு விரால் மீனின் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தத் தூண்டில் டப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீ வராமல் உனக்குப் பதிலாக அது வந்தது, அந்தக் கோபம் எனக்குத் தனியாக இருக்கிறது. அப்பாவுக்கு ஜிக் அனுப்பியிருக்கேன் என்று நீ சொன்னபோது தையல் மெஷினில் துண்டைப் பிடித்துக்கொள்ள வைப்பார்களே அந்த ஜிக் என்று நினைத்தேன், தோல் கம்பெனிக்காரனுக்கு வேறு என்ன தெரியும். திறந்து பார்த்தால் சுண்டுவிரல் நீளத்தில் ஈயத்தில் வார்த்த குட்டி மீன்கள், வெள்ளி, ரோஸ், பச்சை என்று பளபளவென்று, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கயிற்று நுனியில் கொக்கி. அதோடு மெல்லிய ராடு, ரீல், பின்னல் நூல், நூலின் நுனியில் கட்ட ஒரு சுருள் தங்கூஸ் நரம்பு. உண்மையைச் சொன்னால் முதலில் சந்தோஷப்பட்டேன். உயிரோடு இருக்கிற புழுவையும் தவளையையும் கொக்கியில் குத்துவது நல்லதில்லை என்று நம் மசூதி ஹஜ்ரத் சொன்னதிலிருந்து நான் மைதா உருண்டைதான் போடுகிறேன் என்று உனக்குத் தெரியும். மைதாவுக்குக் கெண்டை வரும், விரால் திரும்பிக்கூடப் பார்க்காது, அதற்கு ஓடுகிற இரை வேண்டும். உயிரும் இல்லாமல் ஓடவும் செய்கிற இரை என்றால் நமக்கு வேறு என்ன வேண்டும் என்று இருந்தது. எல்லாம் தண்ணீரில் இறங்குகிற வரைதான்.

எப்படிப் போடுவது என்று கேட்டேன், நீ ஒரு வீடியோ அனுப்பினாய். பாறைமேல் போனை நிறுத்தி வைத்துவிட்டு நின்று செய்து காட்டுகிறாய். வீசு, ஜிக் அடியில் போய் உட்காரட்டும், நூல் தொய்ந்தால் தரை தட்டிவிட்டது என்று அர்த்தம், உடனே மணிக்கட்டை மேலே ஒரு சொடுக்கு, பிறகு விழ விடு, மேலே போகும்போது மீன் கடிக்காது, விழும்போதுதான் கடிக்கும், அதனால் நூல்மேல் ஒரு விரல் இருக்கட்டும். இவ்வளவுதான் சொன்னாய். நான் அதைப் பார்த்த தடவைக்குக் குர்ஆனை ஓதியிருந்தால் புண்ணியமாவது கிடைத்திருக்கும் என்று அம்மி சொல்கிறாள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான் பேட்டா, சாம்பிள் எப்படியோ அப்படி. கிளிக்கிங் மெஷினில் இத்தனை வருஷம் தோல் வெட்டியவன், பையர் பாஸ் பண்ணிய சாம்பிளை மேஜைமேல் வைத்துவிட்டால் ஏன் எதற்கு என்று கேட்க மாட்டேன். ஒரு தடவை வந்த சாம்பிளில் ஒரு வார் ஓட்டை தள்ளிப்போயிருந்தது. நாங்கள் அந்த லாட் முழுவதும் தள்ளியே அடித்துக் கொடுத்தோம், பிறகுதான் அது சாம்பிளில் இருந்த கோளாறு என்று தெரிந்தது. அப்பவும் சூப்பர்வைசர் எங்களைத் திட்டவில்லை. அந்தப் பழக்கம்தான். வீடியோவில் நீ ராடை இடது கையில் பிடித்திருந்தாய், நானும் இடது கையில் பிடித்தேன். நீ சோத்துக் கைக்காரன் என்று பெற்றவனுக்குத் தெரியாதா, தெரியும். ஆனால் மெஷினுக்கு எல்லாரும் ஒரே பக்கம் நிற்பதுபோல இதற்கும் ஒரு நிலை இருக்கும் என்று நினைத்தேன். வலது கையில் நீ கறுப்பு க்ளவுஸ் போட்டிருந்தாய், நானும் ஷேவிங் செக்‌ஷனில் ஒரு க்ளவுஸ் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன். ரீல் கைப்பிடியைக் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் வைத்துச் சுற்றினாய், கடைசி இரண்டு விரலைச் சும்மா விட்டிருந்தாய். நானும் மடக்கிக்கொண்டேன். அதுதான் டெக்னிக் போல என்று அந்த க்ளவுஸுக்குள் இரண்டு விரலை மடக்கி வைத்துப் பழகினேன், கேட்டுக்கொள்.

நம் ஊர்ப் பக்கத்துத் தோல் கழிவு கலந்த தண்ணீரில் மீன் பிடித்தால் சம்பந்தி தட்டையே தள்ளிவிடுவார், அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் மொபெட்டில் மாதனூர் வழியாக ஒடுகத்தூர்ப் பக்கம் போனேன். முன்பு என்னோடு கிளிக்கிங்கில் இருந்துவிட்டு வேர்க்கடலை போடத் திரும்பிப்போனானே சுப்பராயன், அவன் கடலைக் கொல்லைக்குப் பக்கத்து ஏரியில் இந்த வருஷம் நல்ல தண்ணீர். ஏரிக் குத்தகைக்காரரிடம் அவனே கேட்டு அனுமதி வாங்கிக் கொடுத்தான். அங்கே நான் பட்ட பாட்டை எழுதினால் நோட்டுப் புத்தகம் போதாது. இடது கையில் வீசினால் ஜிக் முன்னால் போகாமல் பக்கவாட்டில் போய் சுப்பராயன் சட்டையில் மாட்டுகிறது. தண்ணீரில் விழுந்தால் நீ சொன்னபடி அடியில் போய் உட்காருகிறது, ஆனால் இது கடல் இல்லையே, உன் பாறையும் மணலும் இங்கே எங்கே இருக்கிறது. முழங்கால் சேறு, சேற்றுக்குள் செத்துப்போன கருவேல முள். உட்கார்ந்த ஜிக் உட்கார்ந்ததுதான், இழுத்தால் நூல் அறுகிறது. ரோஸ் போனது, பச்சை போனது, இருட்டில் மின்னும் என்று நீ பெருமையாகச் சொன்னாயே அதுவும் போனது, இப்போது சேற்றுக்குள் யாருக்கு மின்னுகிறதோ. ஏழைக்கு வந்த பொருள் தங்குமா. கரையில் ஆடு மேய்க்கிறவர்கள்கூட நின்று பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனார்கள். சுப்பராயன், இன்னா பாய், ஏரி மீனுக்கு இரும்புச் சத்து கம்மின்னு டாக்டர் சொன்னாரா, என்று கேட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் ராடை முறித்துப் போட்டிருப்பேன், நீ அனுப்பியது என்று விட்டேன். வீட்டுக்கு வெறும் பையோடு வந்தால் அம்மி வேறு, மார்க்கெட்ல ஒன்னு வாங்கிடுங்க, மீன் வந்து நான் ஏரி மீன் இல்லன்னு சொல்லப்போவுதா, என்கிறாள். நான் மாட்டேன் என்றேன். சொன்ன வார்த்தை உன் பேரில் சொன்ன வார்த்தை, அதில் பொய் கலக்க மனசு வரவில்லை. உனக்குப் போன் போட்டு என்னடா தப்பு பண்றேன் என்று கேட்டால், பழகப் பழக வரும்ப்பா, என்று அவசரமாக வைத்துவிடுவாய். முகம் பார்த்துப் பேசலாம் என்றால் இங்க வீடியோ கால் வராதுப்பா என்பாய். எனக்கு ரொம்ப பேஜாராகிவிட்டது ஷாஹித்.

நேற்று வியாழக்கிழமை, கடைசி நாள். கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். டப்பாவில் மிச்சம் இருந்தது இருப்பதிலேயே லேசான வெள்ளி ஜிக் ஒன்றுதான். மத்தியானம் வரை சாம்பிள்படியே செய்தேன், ஒரு மண்ணும் இல்லை. க்ளவுஸுக்குள் மடக்கிய விரல் மரத்துப்போய் வலித்தது. கடைசியில் கோபம் தலைக்கேறி க்ளவுஸைக் கழற்றிக் கரையில் அடித்தேன். நீயும் உன் சாம்பிளும் என்று சொல்லி ரீல் கைப்பிடியைத் திருகி எடுத்து மறு பக்கம் மாட்டினேன், ராடை என் சொந்தச் சோத்துக் கையில் பிடித்தேன். பையில் கிடந்த லைனிங் ஆட்டுத்தோலில் மெல்லிசாக ஒரு வார் கிழித்துக் கொக்கியில் கட்டினேன், தண்ணீரில் அது தவளைக் கால் மாதிரி உதறியது. இந்தத் தடவை அடியில் போக விடவில்லை. விழுந்ததும் இரண்டு சுற்று, ஒரு சொடுக்கு, கொஞ்சம் விழ விட்டு மறுபடி சொடுக்கு என்று சேற்றைத் தொடாமலே ஆம்பல் ஓரமாகக் கொண்டு வந்தேன். விழும்போதுதான் கடிக்கும் என்று நீ சொன்னது மட்டும் நூற்றுக்கு நூறு உண்மை. நூல்மேல் வைத்திருந்த விரலில் டக்கென்று தட்டியது, அடுத்த நொடி ராடு வளைந்துவிட்டது. ரீல் கிர்ரென்று கத்த, சுப்பராயன் வேட்டியை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டான். முழங்கை நீளத்துக்கு விரால். அடப்பாவி, நெஜமாவே இரும்பைத் துன்னுதே இது, என்றான். நான் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இனிமேல் உன்னை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது என்று நினைத்தேன்.

இன்று ஜும்மா முடிந்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். பிரியாணியோடு அம்மி பாதி மீனைப் புளிக்குழம்பு வைத்து, பாதியை வறுத்திருந்தாள். நடுத்துண்டை சம்பந்தி தட்டில் நானே வைத்தேன். அவர் செலக்‌ஷன் பார்ப்பதுபோல முள் முள்ளாக எடுத்துத் தின்று முடித்துவிட்டு, பாய், சொன்னதை செஞ்சிட்டீங்க, உங்க பையன் வரலைன்னாலும் அவன் தூண்டில் வந்து நின்னுச்சு, நான் அன்னைக்கு பேசுனது ஜாஸ்திதான், என்றார். ஹீனா அன்றைக்குப் பிறகு இன்றுதான் சிரித்தாள். சம்பந்தி அசர் தொழுகைக்குக் கிளம்பியதும், அம்மி சமையல்கட்டில் இருக்கும்போது, மாப்பிள்ளை எப்படிப் புடிச்சீங்க காட்டுங்க மாமா என்று ஆசையாகக் கேட்டார். நானும் ராடை எடுத்து வந்து, முதலில் உன் முறையைக் காட்டுகிறேன் என்று இடது கையில் பிடித்து, வலது கையில் இரண்டு விரலை மடக்கிக்கொண்டு சுற்றிக் காட்டினேன். ஏன் மாமா வெரலை மடக்கிக்கறீங்க என்றார். ஷாஹித் அப்படித்தான் சுத்துறான் என்றேன். பாய்ஜான் சோத்துக் கைதானே, எதுக்கு லெஃப்ட்ல புடிக்கிறாரு, என்று ஹீனா கேட்டாள். மாப்பிள்ளை என் போனை வாங்கி வீடியோவைப் பார்த்தார். செல்ஃபி கேமரான்னா கை மாறித் தெரியும் என்று சமாதானமாகச் சொல்ல வந்தவர், உன் பனியனில் இருக்கும் எழுத்து நேராகத்தான் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். ஹீனா போனைப் பிடுங்கி, வீடியோவில் காற்று அடிக்கிற இடம் வந்ததும் நிறுத்தினாள், பிறகு மெதுவாக ஓட விட்டாள். நான் எத்தனை தடவை பார்த்த வீடியோ அது. க்ளவுஸில் மூன்று விரல் கைப்பிடியைப் பிடித்திருக்கிறது, மற்ற இரண்டும் காற்றில் துணியாக ஆடுகிறது. உள்ளே ஒன்றும் இல்லை.

எங்கள் செக்‌ஷனில் புதிதாக ஒருத்தன் வந்தால் முகத்துக்கு முன்னால் கையைத்தான் பார்ப்போம். அப்படிப்பட்ட நான் என் மகன் கையைப் பார்க்காமல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். நேராக கவுஸ் பாஷா வீட்டுக்குப் போனேன். ஷாஹித் எப்படி இருக்கான் என்றேன். நல்லா இருக்கான், கொஞ்சம் மெலிஞ்சிருக்கான், நீங்க அவன்கிட்டயே பேசுங்க பாய், என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவருக்குத் தெரியும், நீ சொல்லக் கூடாது என்று வாய்ப்பூட்டு போட்டிருக்கிறாய். அவரை நான் கேட்கவில்லை, உன்னைத்தான் கேட்கிறேன், நீ எப்படி இருக்கிறாய். உன் கம்பெனியில் கதவு ஜன்னல் அறுக்கிற அந்த மெஷினா. என்றைக்கு. ஆஸ்பத்திரியில் கூட யார் இருந்தார்கள். தோல் கம்பெனி வேண்டாம், மெஷின் விரலைக் கேட்கும் என்று உன்னை இந்த ஊரிலிருந்தே விரட்டினவன் நான், அந்த மெஷின் அங்கே வந்து எடுத்துக்கொண்டதா. விரல் போனதற்கு நான் உன்மேல் கோபப்படவில்லை. கட்டைக் கையோடு மண்டபத்தில் நின்றால் பெண்வீட்டுக்குக் குறை என்று சொல்வார்கள் என்றுதானே வராமல் இருந்தாய், அதற்குத்தான் கோபப்படுகிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, தங்கையிடம் திட்டு வாங்கிக்கொண்டு, என்னிடம் பழகப் பழக வரும்ப்பா என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாய். பழகியது நீதான், இடது கையில், தனியாக. அந்தப் பாறைமேல் நீ எத்தனை சாயங்காலம் நின்று வீசிப் பழகினாயோ என்று நினைத்தால் தின்ற மீன் எனக்குள் இறங்க மாட்டேன் என்கிறது.

உன் அம்மிக்கு இன்னும் சொல்லவில்லை. அவள் சமையல்கட்டில், என் மகன் அனுப்பின ஜிக்ல வந்த மீனு, என்று பக்கத்து வீட்டுக்கெல்லாம் கிண்ணத்தில் குழம்பு கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் நீதான் சொல்ல வேண்டும், நேரில் வந்து சொல்ல வேண்டும். சம்பந்தியை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்த ஊரில் பாதிப் பேருக்கு மெஷின் கணக்குத் தீர்த்த விரல்தான், உன்னைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், சுளித்தால் அந்த வீட்டில் நான் தண்ணீர் குடிக்க மாட்டேன். மாப்பிள்ளை, மச்சானை நானே போய் கூட்டிட்டு வரட்டுமா மாமா, என்று கேட்கிறார், தங்கமான பையன். ஹீனா உன்னோடு பேசுவதில்லை என்று இருந்தவள், இப்போது போனை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் உனக்கு மக்கன் பேடா கட்டிக் கொடுத்திருக்கிறாள், வெயிலில் வைத்துக் கெடுத்துவிடாதே. காயம் ஆறிய இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவு, குளிரில் குடையும், அதற்குப் பயப்படாதே, எங்கள் செக்‌ஷனில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். பாறைமேல் தனியாகப் போகாதே, ஈரப் பாறையில் ஒரு கை ஊன்றி எழுவது லேசில்லை.

அல்லாஹ் உன்னை எல்லாத் தீங்கிலிருந்தும் காக்கட்டும், உன் கைக்கு பரக்கத் கொடுக்கட்டும், எத்தனை விரல் இருக்கிறதோ அத்தனைக்கும் கொடுக்கட்டும். இந்தக் கடிதத்துக்குப் போனில் பதில் சொல்லாதே, டைப் அடித்தும் அனுப்பாதே. காகிதத்தில் உன் கையால் எழுதி அனுப்பு. வலது கையோ இடது கையோ, எழுத்து எவ்வளவு கோணலாக வந்தாலும் நான் ரிஜெக்ட் பண்ண மாட்டேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா,
அமீர் பாஷா.